பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

பிப்ரவரி 3

எலி மேய்க்கிற என் மகனுக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை, சந்தேகக் கடிதம். போன மழைக்காலத்தில் நீ சாப்பிடாமல்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனாயே, அந்தச் சண்டை அப்படியே இருக்கிறது. அதை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இதைப் போனில் கேட்டிருப்பேன். நீ சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், யார் முதலில் வைத்தோம் என்று தெரியாமலே போன் வைக்கப்பட்டிருக்கும். காகிதத்தில் நீ சிரித்தால் எனக்குக் கேட்காது.

சந்தேகம் இதுதான். பதற்றத்துக்கு என்று டாக்டர் கொடுக்கும் மாத்திரையைப் போட்டால் பதற்றம்தானே போக வேண்டும்? எனக்குத் தூக்கம் வந்தது, பதற்றம் போகவில்லை. இதே மாத்திரையைத்தான் வருஷக்கணக்காக எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ச்சி பண்ணுகிறேன் என்று பெருமையடித்துக்கொள்வாயே, இதற்குக் காரணம் சொல்.

எனக்கு எதற்குப் பதற்றம் என்று கேட்பாய். நியாயம்தான். முதல் நாள் ஸ்டியரிங் பிடிக்கிறவன் லாரிக்கு நேராகத் திருப்பினாலும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என் காலடியில் இருக்கிற பிரேக்கை மிதித்துவிட்டு, "மறுபடியும் ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்கிறவள் நான். அப்படிப்பட்டவளுக்கு ஒரு கப் டீ குடிக்கப் போவதற்கு உள்ளங்கை வேர்த்தது.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர் ஒருவர் சில மாதமாக என்னிடம் வண்டி கற்றுக்கொள்கிறார். என் வயதுதான், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். மனைவி போய்ப் பல வருஷம் ஆகிறது. கீழே கடை, மாடியில் தனியாக வீடு. வண்டி ஓட்டுவதில் அவரைப் போல ஒரு மக்கை நான் பார்த்ததில்லை. ரோட்டில் நாய் படுத்திருந்தால் அது தானாக எழுந்து போகும் வரை காத்திருப்பார். இண்டிகேட்டர் போடச் சொன்னால் வைப்பர் ஆடும். கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கண் பார்க்கிற பழக்கத்தில், கியர் மாற்றியதும், "முன்னாடி இருந்தது நல்லா இருந்துச்சா டீச்சர், இப்ப நல்லா இருக்கா?" என்று கேட்பார். ஒவ்வொரு கியருக்கும் கேட்பார். நான் திட்டுவேன், அவர் சிரிப்பார். நான் திட்டினால் மற்றவர்கள் மறுநாள் கிளாசுக்கு வருவதில்லை. இவர் சீக்கிரமே வந்து நிற்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வரச் சொல்லி, சில நாள் முன்பே வீட்டுக்குக் கூப்பிட்டார். எதற்கென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடையில் வேலை பார்க்கிற பெண்ணுக்குக்கூடத் தெரியும் போலிருக்கிறது, என்னைப் பார்த்து நமட்டுச் சிரிப்புச் சிரித்தாள். கூப்பிட்ட நாளிலிருந்து நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, நாக்கு ஒட்டிக்கொண்டது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, "இதயம் நல்லா இருக்கும்மா, மனசுதான் ஓடுது" என்று மாத்திரை எழுதினார். போவதற்கு முன் ஒன்றே ஒன்று, வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்றார். அதை என்னிடம் சொல்ல வேண்டுமா, டாக்சியில்தான் போனேன். கிளம்பும்போது ஒன்று போட்டேன். பாதி வழி போயும் நெஞ்சு அடங்கவில்லை. இன்னொன்று போட்டேன்.

அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. "டீச்சர், உங்க வீட்ல நீங்க ஒரு கப் டீ போட்டுக்கறீங்க, என் வீட்ல நான் ஒரு கப் போட்டுக்கறேன். ஒரே அடுப்புல ரெண்டு கப்பா போட்டா என்ன?" என்று அவர் கேட்டது நினைவிருக்கிறது. பதில் சொல்ல நான் வாயைத் திறந்ததும் நினைவிருக்கிறது. என்ன சொன்னேன் என்பது மட்டும் சுத்தமாக நினைவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். சொல்லி முடித்த கையோடு தூங்கிவிட்டேனாம். அவர் டீயும் பிஸ்கட்டும் எடுத்து வந்து முன்னால் குனிந்தபோது, தூக்கத்திலேயே வலது காலை ஓங்கிப் பிரேக் மிதித்தேனாம். டீப்பாய் கவிழ்ந்துவிட்டது. "கிளட்ச் சார், கிளட்ச்" என்று வேறு கத்தினேனாம். நான் கண் விழித்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. என் மேல் ஒரு போர்வை. அவர் தரையில் உட்கார்ந்து உடைந்த கப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் சரி என்றேனா, மாட்டேன் என்றேனா? அவரிடம் கேட்க எனக்கு முகமில்லை. மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளாசுக்கு வந்து, "டெஸ்ட் எப்ப டீச்சர்?" என்று கேட்கிறார். இதையெல்லாம் உன்னிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்ல வேறு ஆள் இல்லை. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. பதில் எழுது.

அம்மா


பிப்ரவரி 11

அம்மாவுக்கு,

சிரித்தேன். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். "கிளட்ச் சார்" என்ற இடத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிறகு அந்த இரண்டாவது மாத்திரைக்குத் திரும்பிப் போய்ப் படித்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டர் சொன்னதற்கு மேல் இனி அரை மாத்திரைகூடப் போடாதே. முதல் மாத்திரை வயிற்றில் கரைந்துகொண்டிருக்கும்போதே பொறுமையில்லாமல் அடுத்ததை அனுப்பியிருக்கிறாய். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். டாக்டரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்.

இனி உன் சந்தேகம். நரம்பு செல்கள் கண்டபடி ஓடாமல் அமர்த்த மூளையே ஒரு ரசாயனம் வைத்திருக்கிறது. காபா என்று பெயர். அது வந்து உட்காருவதற்கு செல்லின் மேல் ஓர் அமைப்பு உண்டு, அதைத்தான் ஏற்பி என்கிறோம். காபா அதில் உட்கார்ந்ததும் சின்னதாக ஒரு கதவு திறக்கும், செல் அடங்கும். மூளையின் பிரேக் என்று வைத்துக்கொள். உன் மாத்திரை அந்தப் பிரேக்கைத் தானாக மிதிப்பதில்லை. அதே ஏற்பியின் பக்கவாட்டில் அதற்கென்று தனி இருக்கை இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டால், காபா மிதிக்கும்போது பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் விட்டதும் உன் வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவன் நான். பிரேக் பூஸ்டரைப் பற்றி நீ எடுக்கிற பாடம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். "மிதிக்கறது உங்க கால்தான். பூஸ்டர் துணைக்கு ஒரு கை குடுக்கும். நீங்க கால் வைக்கலைன்னா அது சும்மாதான் உக்காந்திருக்கும்" என்பாய். உன் மாத்திரை அந்தப் பூஸ்டர்தான்.

ஆனால் எல்லா ஏற்பியும் ஒன்றில்லை. கூடப்பிறந்தவர்கள் மாதிரி, சாடை ஒன்று, குணம் வேறு. ஒரு வகையில் மாத்திரை உட்கார்ந்தால் தூக்கம் வரும். இன்னொரு வகையில் உட்கார்ந்தால் பயம் குறையும். வேறொரு வகை, நடப்பதை நினைவில் பதிக்கிற பகுதியில் நிறைய இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் அந்த நேரத்து நினைவு பதியாமல் போகலாம். எந்த இருக்கை தன்னுடையது என்று மாத்திரைக்குப் பார்க்கத் தெரியாது, இடம் கண்ட பக்கமெல்லாம் உட்கார்ந்துவிடும்.

இதைப் பல வருஷங்களுக்கு முன்பே எலிகளை வைத்துப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். தூக்கத்துக்கான ஏற்பியில் மாத்திரை உட்கார முடியாதபடி பிறக்க வைத்த எலிக்கு மாத்திரை கொடுத்தால், அது தூங்கி விழாது, ஆனால் பயம் மட்டும் போய்விடும். பயத்துக்கான ஏற்பி மாற்றப்பட்ட எலியோ தூங்கி வழியும், பயம் அப்படியே இருக்கும். உன் மண்டைக்குள் என்ன நடந்தது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் தூங்கிக்கொண்டே பிரேக் மிதிக்கிற எலி ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

அந்தப் பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு நீ வண்டி கற்றுக்கொடுத்த காலத்தில், நான் ஓட்டிய தூரத்தைவிட நீ பிரேக் மிதித்ததுதான் அதிகம். தெருமுனை வரைகூட என்னை நிம்மதியாக விட்டதில்லை. போன தடவை வந்தபோது உன் மாணவர்கள் முன்னாலேயே, "இந்த வயசுலயும் லைசென்ஸ் இல்லாம எலி மேய்க்கறான்" என்றாய். "உன் பக்கத்துல உக்காந்தா எலிக்கே நெஞ்சு வெடிச்சிரும்" என்றேன். சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. சாப்பிடாமல் கிளம்பியதில்தான் வருத்தம், அந்தப் பஸ் வழியில் எங்குமே நிற்கவில்லை.

நாய் எழுந்து போகும் வரை காத்திருக்கிறவர் என்றால் எனக்குச் சம்மதம். நீ என்ன சொன்னாய் என்பதை அவரிடமே கேள்.

எலி மேய்க்கிறவன்


பிப்ரவரி 19

எலிக்காரனுக்கு,

டாக்டரிடம் போனேன், ஒளிக்காமல் சொன்னேன். அவர் பேனாவை மூடி மேஜை மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உன் ஹெட்மாஸ்டர் உன்னைப் பார்த்த மாதிரியே இருந்தது. இனி மாத்திரை வேண்டாம், மறுபடி படபடப்பு வந்தால் வந்து பேசுங்கள், அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன என்றார். மீதி மாத்திரையை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன், புரிந்தது. புரிந்த பிறகுதான் கோபம் வந்தது. டிக்கெட் வாங்கினவன்கூட நம்பர் பார்த்து உட்காருகிறான், உங்கள் மருந்துக்கு அந்த மரியாதைகூட இல்லையா? பயத்தின் இருக்கையில் மட்டும் உட்கார்ந்துவிட்டு மற்றதைத் தொடாமல் போகிற மாதிரி ஒன்று செய்ய வேண்டியதுதானே. அத்தனை பேர் வெள்ளைக்கோட்டு மாட்டிக்கொண்டு அங்கே என்னதான் செய்கிறீர்கள்?

இங்கே விஷயம் முற்றிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக்காரர் காலையில் கடை திறப்பதற்கு முன் ஒரு கிளாஸ், மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு ஒரு கிளாஸ் என்று வருகிறார். பின்னால் எடுத்து நிறுத்துவதற்கு மைதானத்தில் கம்பு நட்டுப் பழகுகிறார். முதலில் எல்லாக் கம்பையும் சாய்த்தார், இப்போது ஒன்றைத்தான் சாய்க்கிறார். போதாக்குறைக்குப் பழைய கார் ஒன்று வாங்கித் தன் வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறார். லைசென்ஸ் வருவதற்கு முன் கார் வாங்குவது கல்யாணத்துக்கு முன் தொட்டில் வாங்குவது மாதிரி என்று திட்டினேன். "ஏன் சார் இவ்வளவு அவசரம்?" என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாததா டீச்சர்" என்று சிரிக்கிறார்.

எனக்குத் தெரியாது, அதுதானே சிக்கல். அவருடைய அக்கா தூரத்து ஊரில் இருக்கிறாள். கடையை மூடிவிட்டு இங்கேயே வந்துவிடு என்று ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறாளாம். நான் அன்றைக்கு மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். லைசென்ஸ் கைக்கு வந்ததும் காரில் ஏறிக் கிளம்பிவிடுவார். அவர் போவதற்கு நானே வண்டி கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று மேட்டில் வண்டியைப் பின்னால் உருள விடாமல் முதல் தடவையாகச் சரியாக எடுத்தார். நியாயமாக எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். எனக்கு அழுகை வந்தது. "கண்ணுல தூசி" என்றேன். உடனே வண்டியை ஓரம் கட்டி, பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, "மேல பாருங்க, இப்ப கீழ பாருங்க" என்று ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையின் நினைவை மீட்டுக்கொடுக்க உங்களிடம் ஏதாவது மருந்து இருக்கிறதா? இருந்தால் டாக்டரிடம் கேட்டுத்தான் போடுவேன், பயப்படாதே.

உன்னை ஓட்ட விடாத கதைக்கு வருகிறேன். ஊரார் பிள்ளைகள் ஓட்டும்போது என் கால் பிரேக் மேல் பட்டும் படாமல் சும்மா இருக்கும். நீ ஸ்டியரிங்கைத் தொட்டாலே அது என் பேச்சைக் கேட்காது. உன் அப்பா போன பிறகு எனக்கு மிஞ்சியது நீ ஒருத்தன்தான். இதற்கெல்லாம் எந்த ஏற்பி காரணம் என்று உன் பேராசிரியையைக் கேட்டு எழுது.

அம்மா


மார்ச் 2

அம்மாவுக்கு,

நினைவை மீட்க மருந்து இல்லை. தொலைந்துபோயிருந்தால் தேடலாம். உனக்கு அது பதியவே இல்லை. மாத்திரையின் வேலையைத் தடுக்க ஒரு மருந்து உண்டு, ஆஸ்பத்திரிகளில் வைத்திருப்பார்கள். அது செய்வது வேடிக்கையானது. மாத்திரை உட்காருகிற அதே இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு வேலையும் செய்யாமல் இருக்கும். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்களே, அந்த மாதிரி. மாத்திரை வந்து பார்த்தால் இடம் இருக்காது. ஆனால் அதனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வராது.

பயத்தின் இருக்கையில் மட்டும் உட்காருகிற மருந்து செய்ய வேண்டியதுதானே என்று திட்டியிருந்தாய். அந்தப் பக்கத்தைப் பேராசிரியையிடம் படித்துக் காட்டினேன். "உங்கம்மாவ நிதி ஒதுக்கற கமிட்டிக்கு அனுப்புங்க" என்றார். அம்மா, அதைத்தான் நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம். தூக்க ஏற்பியைக் கூடிய மட்டும் சீண்டாமல், பய ஏற்பியை மட்டும் பார்த்து வேலை செய்கிற ஒரு மருந்து. அது போன வாரம் என்ன செய்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை அவசரமாக எழுதுகிறேன்.

எங்கள் அறையில் கூட்டல் குறி மாதிரி ஒரு பலகை இருக்கிறது, இடுப்பு உயரத்தில். அதன் நான்கு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்குக் கிடையாது. எலியை நடுவில் விட்டால் பயத்தில் சுவருக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். பயம் குறைந்தால் சுவரில்லாத பக்கம் வந்து எட்டிப் பார்க்கும். எந்த எலிக்கு எந்த ஊசி போட்டார்கள் என்பது கவனிக்கிற எனக்குத் தெரியக் கூடாது, அது விதி. அன்றைக்கு விட்டது சொட்டைக்காது என்று நான் கூப்பிடுகிற எலி. குட்டியிலேயே காதின் ஓரத்தில் கொஞ்சம் போய்விட்டது. கூண்டைத் திறந்தாலே மூலைக்குப் போய்த் திரும்பி உட்கார்ந்துகொள்கிற பயந்தாங்கொள்ளி.

பலகையில் விட்டதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சுறுசுறுப்பாக நடந்தது. இதற்கு வெறும் தண்ணீர் ஊசிதான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். மருந்து என்றால் கொஞ்சமாவது தள்ளாட வேண்டும் என்று பழகிய கண் எனக்கு. பார்த்துக்கொண்டே இருக்கும்போது சொட்டைக்காது சுவரை விட்டு வெளியே வந்தது. திறந்த பலகையில் நேராக நடந்து விளிம்புக்குப் போனது. தலையை வெளியே நீட்டிக் கீழே பார்த்தது.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? வலது காலால் தரையை ஓங்கி மிதித்தேன்.

சத்தம் கேட்டுப் பேராசிரியை ஓடி வந்தார். "என்ன பண்றீங்க?" என்றார். பிரேக் மிதித்தேன் என்றேன். அவர் என் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்தத் தடவையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வேறொருவர் பொறுப்பில் மற்ற எலிகளையும் விட்டுப் பார்த்து, ரகசிய எண்களைப் பிரித்துப் பார்த்தோம். சொட்டைக்காதுக்குப் போட்டதும் புது மருந்துதான். புது மருந்து போட்ட எலிகளில் பெரும்பாலானவை விழிப்பாகவும் இருந்தன, திறந்த பலகைக்கும் வந்தன. மனிதர்களுக்கும் இது பலிக்குமா என்று தெரிய இன்னும் எத்தனையோ படி ஏற வேண்டும். இருந்தாலும் அன்றைக்கு நாங்கள் எல்லோரும் கடையில் கேக் வாங்கிச் சாப்பிட்டோம். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

நீ கேட்டதற்கும் அன்றைக்குப் பதில் கிடைத்தது. நூற்றுக்கணக்கான எலிகள் அந்த விளிம்புக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன், ஒன்றுக்கும் என் கால் அசைந்ததில்லை. சொட்டைக்காதுக்கு மட்டும் அசைந்தது, ஏனென்றால் எனக்கு அதைப் பிடிக்கும். இதற்கு எந்த ஏற்பி என்று பேராசிரியைக்கும் தெரியவில்லை. உன் கால் எனக்கும் வந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

கண்ணாடிக்காரரிடம் போய்க் கேட்டுவிடு. அவர் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று எனக்கே இப்போது ஆசையாக இருக்கிறது.

சொட்டைக்காதின் காப்பாளன்


மார்ச் 24

என் கண்ணுக்கு,

நீ தரையில் பிரேக் மிதித்த கதையைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டம்மா வந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அழவும் செய்தேன், அதை அவள் பார்க்கவில்லை.

போன புதன்கிழமை அவருக்கு டெஸ்ட். பரிசோதிக்கிற அதிகாரி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார், நான் மைதானத்து ஓரத்தில் நின்றேன். என் கால் மண்ணை மிதித்து மிதித்து அந்த இடத்தில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. மேட்டில் எடுத்தார். கம்பு ஒன்றையும் தொடாமல் பின்னால் வந்து நிறுத்தினார். முடித்துவிட்டு அந்த அதிகாரியிடமும், "முன்னாடி நல்லா இருந்துச்சா சார், இப்ப நல்லா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அவர் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். பாஸ்.

சனிக்கிழமை லைசென்ஸ் கைக்கு வந்தது. தன் பழைய காரில் ஏறி என் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். புதுச் சட்டை, அதன் காலர் அட்டையை எடுக்க மறந்திருந்தார். லைசென்ஸை இரண்டு கையாலும் நீட்டினார்.

"நீங்க சொன்னபடி வாங்கிட்டேன் டீச்சர்."

"நான் என்ன சொன்னேன்?"

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "அன்னிக்கு நான் கேட்டதுக்கு, முதல்ல லைசென்ஸ் வாங்குங்க சார், லைசென்ஸ் இல்லாத ஆளோட நான் எங்கயும் வர்றதா இல்லைன்னு சொன்னீங்களே. சொல்லிட்டுத்தானே தூங்கினீங்க."

இதுதான் நான் சொன்ன பதில். கல்யாணத்துக்குக் கேட்ட மனுஷனிடம் ரோட்டுச் சட்டம் பேசியிருக்கிறேன். அந்த மனுஷனும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு காலையும் மத்தியானமும் கம்பு நட்டிருக்கிறார். நான் என்னடாவென்றால் அவர் ஊரை விட்டு ஓடத்தான் அவசரப்படுகிறார் என்று தூசி விழுந்த கண்ணோடு திரிந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாத்திரை, இரண்டாவது மாத்திரை, உன் எலி, ஏற்பி, எதையும் விடவில்லை. அவர் காலர் அட்டையைத் தடவிக்கொண்டே கேட்டார். கடைசியில் மெதுவாக, "அப்ப அந்தப் பதில் செல்லாதா டீச்சர்?" என்றார். பாவமாக இருந்தது. இருந்தாலும் மாத்திரை பேசியதற்கு நான் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? "செல்லாது சார். யோசிச்சு நானே சொல்றேன். வண்டியை எடுங்க" என்றேன்.

ஏறி உட்கார்ந்து காலை நீட்டினேன், பிரேக் இல்லை. அது அவருடைய சொந்தக் கார், என் பக்கத்தில் வெறும் தரைதான். எனக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. கடைத்தெரு தாண்டும் வரை தரையில் விரித்திருந்த மிதியடியை மிதித்துக்கொண்டே போனேன். பாலம் ஏறும்போது ஒரு மிதி, லாரி எதிரே வந்தபோது இரண்டு மிதி. அவர் நிதானமாக ஓட்டினார். ஒரு நாய் குறுக்கே வந்தது, நின்றார், அது போனதும் எடுத்தார். ஊர் தாண்டி இரண்டு பக்கமும் மரம் வந்தது. ஜன்னல் வழியாக நல்ல காற்று வந்தது. செருப்பு காலை அறுக்கிறதே என்று கழற்றி வைத்தேன். என்ன பதில் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

தூங்கிவிட்டேன்.

நீ இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். என் ஆயுசில், இன்னொருவர் ஓட்டுகிற வண்டியின் முன் சீட்டில் நான் கண்ணை மூடியதே இல்லை. உன் அப்பா ஓட்டும்போதுகூட மூடியதில்லை, அதற்கே அவர் கோபித்துக்கொள்வார். என்னிடம் படித்தவர்கள் எத்தனையோ பேர் இன்றைக்குப் பெரிய பஸ் ஓட்டுகிறார்கள், அவர்கள் பஸ்ஸிலும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத்தான் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் பட்டப்பகலில், அரை மாத்திரை போடாமல், லைசென்ஸ் வாங்கி முழுதாக ஒரு நாள்கூட ஆகாத ஒருவர் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறேன்.

விழித்தபோது வண்டி ஒரு மர நிழலில் நின்றுகொண்டிருந்தது. என்ஜினை அணைத்துவிட்டு, சத்தம் வருமென்று கதவைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து என் வலது காலைப் பார்த்தேன். மிதியடி மேல் சும்மா கிடந்தது. "தூக்கத்துல மிதிச்சேனா சார்?" என்று கேட்டேன். "ஒரு தடவைகூட இல்லை. நானும் பாத்துக்கிட்டேதான் வந்தேன்" என்றார். "ரோட்டைப் பாக்காம என் காலையா பாத்துக்கிட்டு வந்தீங்க?" என்று திட்டினேன். சிரித்தார்.

அப்புறம் கடையில் கேட்கிற அதே குரலில் கேட்டார். "முன்னாடி இருந்தது நல்லா இருந்துச்சா டீச்சர், இப்ப நல்லா இருக்கா?"

"இப்பதான் சார் தெளிவா இருக்கு" என்றேன்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து. சாட்சிக்கு நீ வர வேண்டும். ஸ்டேஷனுக்கு அவர் காரில் வருவோம். சாப்பாடு தயாராக இருக்கும், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் சண்டை போட வேண்டும்.

அம்மா


மார்ச் 30

அம்மாவுக்கும் கண்ணாடிக்காரருக்கும்,

கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் உரக்கப் படித்தேன். "தூங்கிவிட்டேன்" என்ற வரி வந்ததும் பேராசிரியை எழுந்து நின்று கை தட்டினார். பயம் போன பிறகு தானாக வந்த தூக்கம் என்று அதற்கு விளக்கமும் சொன்னார். இதற்கு எந்த ஏற்பி காரணம் என்று கேட்டேன். அந்த ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு நீங்களே விண்ணப்பம் எழுதுங்கள் என்றுவிட்டார். சொட்டைக்காது நலம். இப்போதெல்லாம் கூண்டைத் திறந்தால் ஊசி எதுவும் போடாமலே முன்னால் வந்து மூக்கை நீட்டுகிறது. இதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை, நான் சேர்த்துக்கொண்டேன்.

பதினொன்றாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். அம்மா, அப்பாவை நினைத்துக் கொஞ்சம் கண் கலங்கியது உண்மை. அதைவிட அதிகமாகச் சிரித்தேன் என்பதும் உண்மை. சார், உங்களை நான் எப்படிக் கூப்பிடுவது என்று இன்னும் தெரியவில்லை. நேரில் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். அன்றைக்கு அந்தக் காலர் அட்டையை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் அம்மா, எனக்குப் பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. பழகுநர் லைசென்ஸுக்கு இங்கேயே எழுதிப்போட்டு வாங்கிவிட்டேன். கையெழுத்துப் போட்ட மறுநாள் காலையிலிருந்து எனக்கு கிளாஸ் எடு. உன் ஸ்கூல் வண்டியே போதும், உன் பக்கத்து பிரேக்கும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மிதிக்கத் தோன்றினால் மிதி, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எடுத்த எடுப்பில் எல்லாம் வந்துவிடாது என்று எனக்கும் தெரியும். தெருமுனை வரை போகலாம், பிறகு பாலம் வரை, பிறகு அந்த மரங்கள் இருக்கிற ரோடு. என் பக்கத்தில் நீ தூங்குகிற வரைக்கும் ஓட்டிப் பழகுகிறேன்.

உன் மகன்